டிஸ்பென்சரி கெப்

பெப்ரவரி 3, செவ்வாய்

காலையில் பனி. வெயில் ஏறிய பிறகுதான் எதிர்வீட்டுக் கூரை தெரிந்தது. முழங்கால் பரவாயில்லை.

பின்பெட்டி வைத்த பழைய கெப்பின் மேல் கிடந்த தார்ப்பாயை இன்று இழுத்தேன். தனியாக முடியவில்லை. மருமகள் யாழினி மறுபக்கம் பிடித்தாள். உள்ளே பூனை குட்டி போட்ட தடம், காய்ந்த பலா இலைகள், பின் சக்கரத்தடியில் எறும்புப் புற்று. மனைவி கமலா போன பிறகு இதை நான் ஓட்டவேயில்லை. விற்கவும் இல்லை. யாராவது விலைக்குக் கேட்டால் பார்க்கலாம் என்பேன். கேட்டவர்களும் ஓய்ந்துவிட்டார்கள்.

பார்த்த அளவில்: டயர் நான்கிலும் வெடிப்பு. பெட்டரி செத்தது. பிரேக் எண்ணெய் வற்றிவிட்டது. பின்பெட்டியின் தரையில் துரு, இடது மூலையில் விரல் போகிற ஓட்டை. ஹோர்ன் சந்தேகம்.

இத்தனைக்கும் காரணம் யாழினி. பல்லேகலயில் தொழிற்சாலை வாசல்களுக்குப் பக்கத்தில் காலைச் சாப்பாட்டுக் கடை போட நினைக்கிறாள். கடையாகவே செய்த பழைய ட்ரெயிலர் ஒன்று கிடைத்திருக்கிறது. அதை தினமும் இழுத்துப் போய், திரும்பக் கொண்டுவர ஒரு வண்டி வேண்டும். நேற்று இரவு இதைச் சொல்லும்போது கெப் நிற்கும் பக்கம் பார்க்கவில்லை. சோற்றைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். நான் "ம்" என்றேன்.

மகன், அவள் புருஷன், கட்டாரில். வீட்டில் இப்போது நானும் அவளும் மட்டும். யாழ்ப்பாணத்துக் கோப்பாயிலிருந்து அவள் அம்மா தினமும் ஃபோன். இவள் பக்கப் பேச்சுத்தான் எனக்குக் கேட்கும். இன்று: "சித்திரை வரைக்கும் பாப்பம் அம்மா. கடை சரிவராட்டி நான் அங்கயே வாறன்."

ஒட்டுக்கேட்கவில்லை. சமையலறைக் கதவு சாத்துவதில்லை, அவ்வளவுதான்.

சித்திரை தூரத்தில் இல்லை.

பெப்ரவரி 5, வியாழன்

நேற்று விடுமுறை, யாரும் வரவில்லை. இன்று மெக்கானிக் நவ்ஷாட் பாஸ் வந்தார். திகனச் சந்திக்குக் கீழே கராஜ். அவருடைய வாப்பாவும் இதே கெப்புக்கு வேலை செய்தவர்.

என்னை டொக்டர் என்கிறார். நான் ஹுன்னஸ்கிரியவில் தேயிலைத் தோட்டத்து மருந்துச்சாலையில் டிஸ்பென்சராக இருந்தவன், டொக்டர் அல்ல. முதன்முதலில் அழைத்தபோதே திருத்தியிருக்க வேண்டும். இனித் திருத்தினால் அவருக்குச் சங்கடம்.

அடியில் படுத்து ஸ்பேனரால் சேஸியை நெடுகத் தட்டித் தட்டிக் கேட்டார். நெஞ்சுச் சளிக்காரரின் முதுகை நானும் இப்படித்தான் தட்டுவேன். எழுந்து வந்து, "எஞ்சின் கெட்டி. சேஸி ரெண்டு எடத்துல துரு திண்டு ஈக்குது, வெல்டிங் அடிச்சாத் தாங்கும். ஆனா இழுவைக்குப் போடுறதெண்டா பிரேக்க முழுசாச் செய்யோணும் டொக்டர். அரகொற வேல நான் செய்யமாட்டன்" என்றார். நிம்மதி. நானும் அரைகுறை வேலைக்குப் பயந்தவன்.

அவருடைய ஜீப்பில் கயிறு கட்டி கராஜுக்கு இழுத்துப் போனார். ஸ்டியரிங்கில் நான். பிரேக் இல்லை, ஹேண்ட்பிரேக்கை நம்பிப் பயணம். ஜீப்பின் பின்புறத்தைத் தவிர எதையும் பார்க்கவில்லை. திகனத் தெருவில் கடைக்காரர் ஒருவர், மாப்பிள்ளையைத்தான் இழுத்துக்கொண்டு போகிறார்களா என்று கேட்டது மட்டும் காதில் விழுந்தது. சிரிப்புச் சத்தமும்.

பின்பெட்டிக் கம்பியில் ஒரு கொக்கி. இதை வெட்டி எடுத்துவிடவா என்றார் பாஸ். சேலைன் போத்தல் தொங்கவிடக் கமலா போடச் சொன்ன கொக்கி. இருக்கட்டும் என்றேன். பிறகு ஏன் என்றும் சொன்னேன். கொக்கியைச் சுற்றிச் சோக்கால் ஒரு வட்டம் போட்டார். வேலையாட்கள் தொடாமலிருக்க.

பெப்ரவரி 10, செவ்வாய்

வெயில். நாள் முழுக்கக் கராஜில். நான் இருப்பது அவர்களுக்கு இடைஞ்சலோ என்று இரண்டு முறை வெளியே போய் நின்றேன். கதிரை கொண்டுவந்து போட்டார்கள், அதனால் இடைஞ்சல் இல்லை போலும்.

சீட்டைக் கழற்றினார்கள். அடியில்: பழுப்புப் போத்தல் மூடி. உடைந்த வெப்பமானியின் உறை. குழந்தைக் காலுறை, ஒற்றை. இஞ்சி டொஃபித் தாள்கள். இந்த டொஃபி கமலாவுக்கு. வளைவுகளில் அவளுக்குத் தலைசுற்றும். மிட்வைஃப் வேலை பார்த்தவளுக்கு ரத்தம் பிரச்சினையில்லை, வளைவுதான் பிரச்சினை. நோயாளிக்கு முன்னால் அதைக் காட்டிக்கொள்ள மாட்டாள்.

நான் ஓய்வு பெற்ற வருடம் தோட்டம் இந்தக் கெப்பை ஏலத்தில் விட்டது. வேறு யாரும் கேட்கவில்லை, நான் எடுத்தேன். அதற்கு முந்திய காலமெல்லாம் இதுதான் எங்கள் அம்புலன்ஸ். முன்னால் நான், பின்னால் மெத்தை விரித்து கர்ப்பிணி, பக்கத்தில் கமலா குடையோடு. கண்டிப் பெரியாஸ்பத்திரி வரை. பேச முடியாது, எஞ்சின் சத்தம். அதனால் பின்கண்ணாடியில் தட்டுவாள். ஒரு தட்டு, மெதுவாகப் போ. இரண்டு தட்டு, நிறுத்து. விடாமல் தட்டினால் குழந்தை வந்துகொண்டிருக்கிறது, ஓரங்கட்டிவிட்டு லாம்பைக் கொண்டு வா.

நான் பயந்தாங்கொள்ளி டிரைவர். எல்லோருக்கும் தெரியும். கர்ப்பிணிகளுக்கு அது வசதியாக இருந்தது என்பாள் க.

அந்தக் கண்ணாடியில் கீறல் இருக்கிறது, மாற்றலாம் என்றார் பாஸ். கீறல் ஓரத்தில்தானே என்றேன்.

பெப்ரவரி 15, ஞாயிறு

மாலை தூறல். கராஜ் பூட்டு.

முடிந்தவை: வெல்டிங், பிரேக், கிளச் பிளேட், ரேடியேட்டர் கழுவியது, டயர். மீதி: பின்னால் ட்ரெயிலர் பூட்டும் உருண்டை, அதற்கான லைட் வயர்.

ட்ரெயிலரோடு பின்னுக்கு எடுப்பதுதான் கவலை. வாழ்க்கையில் செய்ததில்லை. ஸ்டியரிங்கை இடதுபக்கம் திருப்பினால் ட்ரெயிலர் வலதுபக்கம் போகும். தாளில் கோடு போட்டுப் பார்த்தேன். நெருப்புப்பெட்டி இரண்டை ஊசியால் கோத்து மேசையில் தள்ளிப் பார்த்தேன். மேசையில் வருகிறது.

யா. தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு நெருப்புப்பெட்டிகளைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சொல்லாமல் போய்விட்டாள்.

என் கணக்கு இதுதான். கடைக்கு வண்டி வேண்டும், வண்டிக்கு டிரைவர் வேண்டும், டிரைவர் நான். நான் ஓட்டினால் கடை நடக்கும். கடை நடந்தால் அவள் போகமாட்டாள். இதில் எவ்வளவு அவளுக்காக, எவ்வளவு எனக்காக? இரு என்று வாய் திறந்து சொல்ல எனக்கு உரிமை இல்லை. சொன்னால் இருந்துவிடுவாள், அதுதான் பயம். மனமில்லாமல் இருப்பாள்.

க. இருந்திருந்தால் ஒரே வார்த்தையில் கேட்டு முடித்திருப்பாள்.

பெப்ரவரி 19, வியாழன்

நல்ல வெயில். கெப் வீடு வந்தது. ஏற்றம் தாங்குமா பார்க்க ஹுன்னஸ்கிரிய வரை போனோம். யா. இடது சீட்டில். தெல்தெனிய தாண்டி மூன்றாம் கியர், பிறகு இரண்டு. ரேடியேட்டர் சூடாகவில்லை. இறக்கத்தில் பிரேக் ஒரு பக்கம் இழுக்கவில்லை. பாஸ் சொன்ன சொல் காப்பாற்றினார்.

வளைவுகளில் என் காது பின்னாலேயே இருந்தது. தட்டுச் சத்தத்துக்கு. பழக்கம்.

ஹுன்னஸ்கிரியக் கடையடியில் நிறுத்தினேன். கொழுந்துக் கூடையோடு போன ஒரு பெண் நின்று திரும்பினாள்.

"இது டிஸ்பென்சர் ஐயா கெப்புல்ல? எம்மவன் இதுலதாங்க பொறந்தான். இப்ப கொழும்புல பஸ் ஓட்டுறான். பொறந்த எடத்த விட்டு எறங்கவே மாட்டேங்கிறான்."

எத்தனையோ பேர். இவள் முகம் எனக்கு நினைவில்லை. நினைவிருப்பதுபோல் தலையாட்டினேன். மிட்வைஃப் அம்மா எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கூடையை இறக்கி வைத்துவிட்டு, பின்பெட்டியின் பக்கத் தகட்டில் உள்ளங்கையை வைத்தபடி கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

இறங்கும் வழியெல்லாம் யா. மாமியைப் பற்றிக் கேட்டுக்கொண்டே வந்தாள். அவள் வந்தபோது க. இல்லை. படத்தில் மட்டுந்தான் தெரியும். நானும் சொன்னேன், இஞ்சி டொஃபி, கண்ணாடித் தட்டு எல்லாம். இவ்வளவு நான் பேசி நாளாயிற்று. விக்டோரியா நீர்த்தேக்கம் தெரிகிற இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னாள். சும்மா பார்த்தோம்.

பெப்ரவரி 22, ஞாயிறு

இதை ஒழுங்காக எழுதிவைக்க வேண்டும்.

ஞாயிறு ஆள் நடமாட்டம் இல்லை என்பதால் ட்ரெயிலரை பல்லேகலக்கு இழுத்துப் போய்ப் பார்த்தோம். போனது சிரமமில்லை. இடம் ஒரு களஞ்சியத்தின் முன் ஒதுக்கம். ஒரு பக்கம் மதில், மறுபக்கம் தண்ணீர் ஓடும் கான். பின்னுக்கு எடுத்துத்தான் உள்ளே விடவேண்டும். களஞ்சியத்துக் காவலாளி முதியான்சே தானாகவே வந்து பின்னால் நின்று கை காட்டினார்.

என் முறை. நெருப்புப்பெட்டியில் வந்தது கையில் வரவில்லை. முதல் முறை மதில் பக்கம் போனது. முன்னுக்கு எடுத்தேன். இரண்டாம் முறை கான் பக்கம். மூன்றாம் முறை ட்ரெயிலர் கெப்போடு கத்தரிக்கோல்போல் மடங்கி, ஒரு சக்கரம் கானின் விளிம்பில். முதியான்சே கத்தியிராவிட்டால் உள்ளே போயிருக்கும். எஞ்சினை நிறுத்தினேன். யா. பக்கம் பார்க்காமல் ஹேண்ட்பிரேக்கை இழுத்தேன்.

இதோடு முடிந்தது என்று நினைத்தேன். கடை, சித்திரை, எல்லாம்.

அவள் ஜன்னலடிக்கு வந்தாள். "மாமா, நான் ஒருக்காப் பாக்கட்டே? அப்பான்ர ட்ரக்டர் பெட்டியைப் பின்னுக்கு எடுத்துப் பழக்கம். வெங்காயம் ஏத்தப் போறனாங்கள்."

லைசன்ஸ் இருப்பது தெரியும். இது தெரியாது. நெருப்புப்பெட்டிகளைப் பார்த்து அன்றைக்கு விழுங்கிக்கொண்டது இதைத்தான். இறங்கிச் சாவியைக் கொடுத்தேன்.

ஏறினாள், முன்னுக்கு எடுத்து நேராக்கினாள், பின்னுக்கு விட்டாள். முதியான்சே பின்னாலிருந்து "என்ன, என்ன, என்ன" என்றார். அவள் பிரேக் போட்டுத் தலையை வெளியே நீட்டினாள். "ஒண்டுமில்லை அண்ணை." மறுபடி நகர்ந்தாள். மறுபடி அவர், "என்ன, என்ன." மறுபடி பிரேக். இவர் வா வா என்கிறார், அவள் நிறுத்தி நிறுத்திப் பதில் சொல்கிறாள். அவர் சத்தத்தைக் கூட்டினார். அவள் முகம் சிவந்துவிட்டது.

"ஏன் மாமா இந்த மனிசன் என்ன என்ன எண்டு கேட்டுக்கொண்டே நிக்குது? எனக்குத் தெரியாதெண்டு நினைக்கிறாரோ?"

இரண்டு பாஷையும் தெரிந்த ஒரே ஆள் அங்கே நான். உடனே சொல்லியிருக்க வேண்டும். சிரிப்பு வந்துவிட்டது. கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பிறகுதான் சொல்ல முடிந்தது: சிங்களத்தில் என்ன என்றால் வாருங்கள். மனிதர் உன்னை வாருங்கள் வாருங்கள் என்று கூப்பிடுகிறார்.

அவள் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துச் சிரித்தாள். முதியான்சேவுக்கும் சிங்களத்தில் சொன்னேன். அவரும் கானோரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

அடுத்த முறை ஒரே எடுப்பில் உள்ளே. மதிலுக்கும் ட்ரெயிலருக்கும் இடையில் ஒரு ஆள் நடக்க இடம் இருந்தது.

வரும்போதும் அவள்தான் ஓட்டினாள். நான் கேட்கவில்லை, அவளும் கேட்கவில்லை. இந்தக் கெப்பில் இடது சீட்டில் நான் உட்கார்ந்தது இதுவே முதல் தடவை. அந்தப் பக்கத்திலிருந்து பார்த்தால் ரோட்டு வேறு மாதிரி இருக்கிறது. பள்ளத்தாக்கு தெரிகிறது.

மாலை ஃபோனில் அவள் அம்மாவிடம்: "இஞ்ச என்ன எண்டா வா எண்டு அர்த்தமாம் அம்மா." வெகுநேரம் சிரிப்பு. மற்றதெல்லாம் கேட்கவில்லை.

நான் டிரைவர் இல்லையென்றால் என் கணக்கில் மீதி என்ன?

மார்ச் 2, திங்கள்

விடியும் முன்பே புறப்பாடு. இடியப்பம், தேங்காய்ப்பால் சொதி, சம்பல், பால் தேத்தண்ணி. நான் ட்ரெயிலர் கொக்கி, சங்கிலி, லைட் மூன்றையும் சரிபார்த்தேன். பிறகு மறுபடியும். இந்த வேலை எனக்கு என்று ஆகிவிட்டது. யா. குறை சொல்லவில்லை. "மாமா பாத்தாச்சோ" என்று கேட்டுவிட்டுத்தான் ஏறுகிறாள்.

அவள் வைக்கும் யாழ்ப்பாணச் சொதி முதலில் யாருக்கும் பழக்கமில்லை. எட்டு மணிக்குள் சட்டி காலி. முதியான்சே இரண்டு தரம் சாப்பிட்டார்.

சேலைன் கொக்கியில் வாழைக்குலை தொங்குகிறது. க.வுக்குப் பிடித்திருக்கும். அப்படித்தான் நினைக்கிறேன்.

மார்ச் 6, வெள்ளி

வயிறு சரியில்லை, வீட்டில் இருந்தேன். அவள் தனியாகப் போய்த் தனியாக வந்தாள். ஒன்றும் ஆகவில்லை. வாசல் சத்தத்துக்குக் காலை முழுக்கக் காத்திருந்தது மட்டும் மிச்சம். பின் டயர் ஒன்றில் காற்று குறைவு. பாஸிடம் காட்ட வேண்டும்.

அவள் அம்மா இன்றும் பேசினார். கதவு சாத்தியிருந்தது.

மார்ச் 9, திங்கள்

மாலை இடியோடு மழை. வருடத்தில் முதல் பெருமழை.

பல்லேகலயிலிருந்து வரும்போது பின்பெட்டியில் ஒரு முருங்கைத் தடி, என் உயரம். யாரோ மதிலோரம் வெட்டிப் போட்டிருந்ததாம். மழை விட்டதும் விடாததுமாகப் பின்வளவில் குழி வெட்டி நட்டாள். நுனியில் சாணி அப்பினாள். நான் குடை பிடித்தேன். குடை அவளுக்கா தடிக்கா என்று தெரியாமல் இரண்டுக்கும் நடுவில்.

இந்த மண்ணுக்கு வருமா என்றேன். வரும் என்றாள். காய்க்க எவ்வளவு காலம் ஆகும் என்று கேட்டேன். சும்மா கேட்பது போலத்தான் கேட்டேன்.

"வடிவாக் காய்க்க மூண்டு வருசம் செல்லும் மாமா. அதுக்குள்ள இந்த மதிலை உயர்த்தவேணும். குரங்கு விடாது."

மண்வெட்டியைக் கழுவிக்கொண்டு உள்ளே போனாள். நான் அங்கேயே நின்றேன். மழை விட்டிருந்தது, குடையை மடக்கவில்லை.

நாளை: மதிலுக்கு சீமெந்துக் கல் விசாரிக்க. கெப்பிலேயே ஏற்றி வரலாம், பாஸ் வெல்டிங் தாங்கும் என்றிருக்கிறார். எத்தனை வரிசை உயர்த்துவது என்று அவளிடம் கேட்க வேண்டும்.