வடக்கே ஒரு தலையணை

பார்சிப்பனி, நியூ ஜெர்சி
14 ஜனவரி 2007

என் ஒரே ராத்தாவுக்கு (ஸ்டாக்கில் வேறு இல்லை), ஸலாம்.

ஈமெயிலில் தமிழ் கட்டம் கட்டமாக விழுகிறது என்றாய், அதனால் ஸ்டாம்ப் ஒட்டுகிறேன். செய்தி அவ்வளவு பெரிது: வாப்பா கியோட்டோ வரச் சம்மதித்துவிட்டார்! ஏப்ரல் லீவில். கூடவே நானும், லக்கேஜ் மாதிரி.

உம்மா இறந்த நாற்பதாம் நாள் ஃபாத்திஹாவுக்குக் காத்திருக்காமல், காலேஜ் திறக்கிறதென்று நீ பிளேன் ஏறியதிலிருந்து, உன் போன் வந்தால் "தௌபீக், உனக்குத்தான்" என்று ரிசீவரை நீட்டுகிற மனுஷன், நேற்று சோற்றைப் பிசைந்துகொண்டே "அங்கே எங்கே தங்குறது?" என்றார். உன் பெயரைச் சொல்லவில்லை. ஆனாலும் கேட்டாரே! கோட்டை விட்டுவிடாதே, நல்ல இடமாகப் பார். பேய் இருந்தால் உத்தமம். இங்கே பேச்சுத்துணைக்கு அதுகூட இல்லை.

லக்கேஜ் தௌபீக்


கியோட்டோ
27 ஜனவரி 2007

வால் முளைத்த தம்பிக்கு,

நேற்று முழுக்க இடம் தேடி அலைந்தேன். ஸ்டேஷன் பக்கத்து ஹோட்டல் வசதிதான்; ஆனால் ஜன்னலைத் திறந்தால் பார்சிப்பனி மாதிரியே இருக்கிறது. கிழக்கே மலையடிவாரத்தில் ஹிகாஷியாமா, கல் பாவிய சந்துகளும் கோயில்களுமாக அழகு. வாப்பாவின் முழங்காலுக்கு அந்தப் படிகள் ஒத்துவராது.

எனக்குப் பிடித்தது நிஷிஜின், நெசவாளர் தெருக்கள். அங்கே ஒரு பழைய மரவீட்டுச் சத்திரம். தரையெல்லாம் பாய்; அதன் மேல் மெத்தை விரிப்பார்கள், எத்தனை பேரோ அத்தனை. நானும் வந்து தங்கிக்கொண்டால் மூன்று. நடக்கிற தூரத்தில் ஒரு சின்னப் பாலம். பெயருக்கு அர்த்தம் 'திரும்பி வரும் பாலம்'. முன்னொரு காலத்தில் சவ ஊர்வலம் அதில் போனபோது, மகன் கட்டிக்கொண்டு அழ, இறந்த தகப்பன் எழுந்து பேசினாராம். நீ கேட்ட பேய் கிடைத்ததா? வாப்பாவிடம் உளறாதே.

அவர் என்னைப் பற்றி ஏதாவது கேட்டாரா?

ஆஃபீஃபா


பார்சிப்பனி
10 பிப்ரவரி 2007

ராத்தா,

நிஷிஜின் ஜெயித்தது. தரையெல்லாம் பாயாமே! பாய் வீட்டுப் பிள்ளைகளுக்குப் பாய் புதுசா?

பாலத்துக் கதையை உளறிவிட்டேன், என் வாய் அப்படி. வாப்பா சிரிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "அந்த ஊர்லே கிப்லா எந்தப் பக்கம்?" என்றார். "நம்ம கீழக்கரை மாதிரியே மேற்கே பார்த்துத்தான் தொழணும்" என்றேன். அப்புறம் சத்திரத்து நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டார். ரூமை அவரே புக் பண்ணுவாராம்.

உன்னைக் கேட்டாரா என்றால்... "அங்கே குளிருக்கு ஹீட்டர் இருக்குதா?" என்றார். யாருக்கு என்று சொல்லவில்லை. உன் பெயரை நானே போட்டுக்கொண்டேன்.

தௌபீக்


கியோட்டோ
1 மார்ச் 2007

தௌபீக்,

சின்ன வயதில் சர்க்கரை டப்பாவில் உப்பைக் கொட்டினாய், சிரித்தேன். இது சிரிப்பதற்கில்லை.

சத்திரத்து அம்மா போன் பண்ணினார், குரலே சரியில்லை. நான்கு பேருக்கு புக் ஆகியிருக்கிறதாம். நாலாவது மெத்தை ஜன்னலோரம், தலையணை வடக்கே இருக்கவேண்டுமாம். இந்த ஊரில் வடக்கே தலை வைத்துக் கிடத்துவது இறந்தவர்களை மட்டும்தான். "யாரையாவது கூட்டிக்கொண்டு வருகிறீர்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார்.

வாப்பா பெயரைச் சொல்லி நீதானே புக் பண்ணினாய்? உம்மாவை வைத்து விளையாடாதே. வாப்பா காதில் விழுந்தால் வரவே மாட்டார். அப்புறம் அவர் முகத்தை நான் எப்போது பார்ப்பது?

ஆஃபீஃபா


பார்சிப்பனி
12 மார்ச் 2007

ராத்தா,

அல்லாஹ் மேல் ஆணையாக நானில்லை.

வாப்பாவிடமே கேட்டேன். டி.வி.யை விட்டுக் கண்ணெடுக்காமல், "ஷம்சாத்துக்கு ஜன்னல் ஓரம்தானே புடிக்கும்" என்றார்.

"வாப்பா, உம்மா..."

"தெரியும்டா. இந்த நாட்டுக்கு வந்து கிப்லா மூலைக்குப் போயிருச்சு. கட்டிலைக் கோணலாப் போட்டுக்கிட்டு, முட்டியை இடிச்சுக்கிட்டே கெடந்தா உங்கும்மா. அங்கே வடக்கே தலை வச்சு, வலப்பக்கம் ஒருக்களிச்சாப் போதும், முகம் கிப்லாவுக்கு வந்துரும். ஒரு தடவையாச்சும் நேராப் படுக்கட்டுமே."

எனக்கு ஒரு ஜோக்கும் வரவில்லை.

இன்னொன்று. உம்மாவின் கட்டிலைப் போன வாரம் நேராக நகர்த்திப் போட்டேன். காலையில் பார்த்தால் மறுபடி கோணல். வாப்பாவாகத்தான் இருக்கும்.

நாலாவது மெத்தையை கேன்சல் பண்ணிவிடவா? பண்ணினால் வாப்பா வருவாரா?

தௌபீக்


கியோட்டோ
23 மார்ச் 2007

தம்பி,

உன்னைத் திட்டியதற்கு வந்து என் காதைத் திருகிக்கொள்.

கேன்சல் பண்ணாதே. சத்திரத்து அம்மாவிடம் உள்ளதைச் சொன்னேன். பிறகு, வாசலில் நான்கு ஜோடி செருப்பு எடுத்துவைப்பதாகச் சொன்னார்.

வாருங்கள்.

ஆஃபீஃபா


பார்சிப்பனி
28 ஏப்ரல் 2007

ராத்தா,

பத்திரமாக வந்து சேர்ந்தோம். பாத்ரூம் செருப்போடு வாப்பா சாப்பிட வந்து உட்கார்ந்ததைப் பள்ளிவாசல் முழுக்கப் பரப்பிவிட்டேன். பாலத்தில் உங்கள் இருவரையும் விட்டுவிட்டு ஐஸ்கிரீம் வாங்கப் போனேனே, அது என் திட்டம். திரும்பி வந்தபோது வாப்பா உன் மஃப்ளரை இழுத்து உன் கழுத்தில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேர் கண்ணும் சிவப்பு. நான் ஒன்றும் கேட்கவில்லை, கவனித்தாயா? என் வாய்க்கு அது உலக சாதனை! இப்போது போன் அடித்தால் எனக்கு முன்னால் ஓடுகிறார். நேற்று ஓடியது கிரெடிட் கார்டு விற்கிறவனுக்காக.

ஒன்று மட்டும் சொல். கடைசி நாள் காலையில் நாலாவது மெத்தை மூன்றாக மடிந்து, விரிப்பின் ஓரம் உள்ளே செருகி, தலையணை மேலே குப்புறக் கிடந்ததே, உம்மா மடிக்கிற மாதிரியே? அது நீதானே? ஒரு கலைஞன் இன்னொரு கலைஞரைப் பாராட்டுகிறேன். ஒத்துக்கொள்.

தௌபீக்


கியோட்டோ
11 மே 2007

தௌபீக்,

நானில்லை. நீ என்றுதான் இதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

சத்திரத்து அம்மாவைப் போய்க் கேட்டேன். விருந்தாளிகள் சாப்பிட வரும்வரை அவர் அறைப்பக்கமே போகமாட்டாராம். வாப்பாவுக்கு மடிக்கத் தெரியாது. அவர் மெத்தை கிடந்த கோலத்தை நீயும் பார்த்தாய். அவரிடம் கேட்காதே.

உம்மாவின் வருஷ ஃபாத்திஹாவுக்கு வருகிறேன். போனில் வாப்பாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். எனக்கு வீட்டில் எங்கே வேண்டுமானாலும் படுக்கை விரி.

ஜன்னலோரம் மட்டும் வேண்டாம்.

உன் ராத்தா
ஆஃபீஃபா