வயல் மேட்டில் ஓர் அரசி

என் கூடப்பிறந்த ராத்தா,

இன்று மீன் ஆணத்துக்குப் புளி கரைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாசத்தோடு நீங்கள் வந்து நின்றீர்கள். அன்றைக்கு உங்கள் ஒரு கையில் புளி, மறு கையில் செப்புக்காசு.

"தேய்க்காதீங்க, எழுத்து அழிஞ்சிரும்!" என்று கத்தினேன்.

"கழுவாம என்னெண்டு வாசிக்கிற?" என்றீர்கள்.

மச்சான் மௌத்தாகி நீங்கள் விதவையான பிறகு அவருடைய வயலை நீங்களே செய்தீர்கள். நடுவிலிருந்த மேட்டை வெட்டிச் சமப்படுத்தினால் ஒரு வரவை நிலம் கூடுமென்று டிராக்டர் பிடித்தீர்கள். மண்ணுக்கடியில் செங்கல் தளம் தெரிந்தது. அதன்மேல்தான் காசு கிடந்தது. வேலையை நிறுத்திவிட்டீர்கள்.

"ஒருத்தருக்கும் கதைக்காத, புள்ள. அரசாங்கத்துக்குத் தெரிஞ்சா வயலுக்குள்ள இறங்க விடமாட்டானுகள். மூடிப்போட்டு உழு" என்றார் பக்கத்து வயலைச் செய்த, அண்ணன் முறையான காக்கா. அவர் பயத்தில் நியாயம் இருந்தது. உங்களுக்கு இருந்ததே அந்த வயல் ஒன்றுதான். சரித்திரம் படிப்பிக்கும் எனக்கே, அறிவியுங்கள் என்று சொல்ல வாய் வரவில்லை. அன்று நீங்கள் சோறு தின்னவில்லை.

மறுநாள் விடிய சுபஹு தொழுதுவிட்டு நேரே என்னிடம் வந்தீர்கள். "ஆரோ கும்பிட்ட இடம் மாதிரிக் கிடக்கு. அதுக்கு மேலால உழுதுபோட்டு அந்தச் சோத்தை என்னெண்டு தின்னுற? நீ எழுதிக் குடு."

தொல்பொருள் திணைக்களத்துக்கு எழுதிக் கொடுத்தேன். ஆராய வந்தவர்களில் ஒரு பெண் கண்ணாடி வைத்துக் காசைப் பார்த்தார். பொலநறுவையில் ஆண்ட ஓர் அரசியின் காசு என்றார். இறக்கப்பட்டும் மூன்று முறை அரியணை ஏறியவள். தன்னை ராணி என்றில்லாமல் 'ராஜ' என்றே பொறித்திருக்கிறாள்.

"இறக்க இறக்க ஏறினவளா! பொல்லாத பொம்புளதான்" என்று வயிறு குலுங்கச் சிரித்தீர்கள். எத்தனை நாளைக்குப் பிறகு அந்தச் சிரிப்பு!

செங்கல் தளம் ஒரு சிறிய வழிபாட்டிடமாக இருக்கலாம் என்றார் அவர். எந்தச் சமயத்தாருடையதென்று அப்போது சொல்ல முடியவில்லை. ஆனால் காசு தளத்தின்மேல் கிடந்ததால், அவள் காலத்திலோ அதற்குப் பிறகோ மனிதர்கள் அங்கே நடமாடியிருக்கிறார்கள். சுவரும் கூரையும் போய், பெயரும் மறந்துபோன ஓர் இடத்துக்கு அந்தக் காசுதான் சாட்சி.

மேட்டைச் சுற்றி மட்டும் எல்லைக் கட்டை நட்டார்கள். மற்ற வயல் உங்களிடமே இருந்தது. அந்தப் போகம் நன்றாகவே விளைந்தது. பிறகு மேட்டைப் பார்க்க வந்தவர்களுக்கு வழி காட்டியதும் அந்தக் காக்காதான்.

எனக்கு மறக்காதது வேறொன்று. கண்டெடுத்தவர் பெயரென்று படிவத்தில் மச்சான் பெயரை எழுதப் போனார்கள். வயலின் உறுதிப் பத்திரம் அவர் பெயரில்தானே இருந்தது.

"அவர் மௌத்தாகி நாலு வருஷம். கண்டது நான். என்ட பேரை எழுதுங்க."

அதுவரை எல்லாக் கடதாசியிலும் நீங்கள் இன்னாரின் மனைவிதான். அன்று பேனையை வாங்கி, ஒவ்வோர் எழுத்தாக நீங்களே எழுதினீர்கள்.

நீங்களும் போன பிறகு, இப்போது வயலை நான் செய்கிறேன். போன கிழமை உரத்துக்குப் பதியப் போனேன். "வயல்காரர் பேர்?" என்று கேட்டவர் என் புருஷனைப் பார்த்தார். அவர் வாய் திறக்குமுன் என் பெயரைச் சொன்னேன், ராத்தா. எழுத்துக் கூட்டியும் சொன்னேன்.