படகு வயித்துக்குள்ள பஞ்சு

செப். 27, சனி

காலையிலேயே வெயில். காத்தும் சேர்ந்து மண்ணை வாரி அடிக்கு. காலாண்டு லீவு, நான் ஓட்டுத ஸ்கூல் வேன் சும்மா நிக்குது. வெள்ளத்துக்குன்னு வாங்கின பழைய படகு வந்து சேர்ந்துட்டு.

லாரிக்காரன் வாசல்ல வழுக்கி எறக்கி விட்டுட்டுப் போயிட்டான். மஞ்சள் பெயின்ட். பக்கவாட்டுல ‘நால்வர் மட்டும்’னு பாதி அழிஞ்ச எழுத்து. ஏதோ அணைப் பூங்காவுல சவாரி ஓடி ஓய்ஞ்ச சாமான். ஃபைபர்தானே, நாலு பேர் பிடிச்சா கொல்லைக்குப் போயிரும்னு நெனச்சேன். தெருவே சேர்ந்து தூக்கியும் அசையல. பக்கத்து வீட்டு சுடலை இடுப்பப் பிடிச்சுக்கிட்டு உட்கார்ந்துட்டான். கல்யாண மேடை அலங்காரம் பண்ணுதவன். புரட்டாசி, முகூர்த்தம் இல்ல, வாய்க்கு மட்டும் வேலை.

“அண்ணாச்சி, இது படகா, தேரா? வடம் பிடிச்சுத்தான் இழுக்கணும்.”

எனக்கு சிரிப்பு வரல. வீட்டுக்காரி பேச்சி கட்டில்ல இருந்து சன்னல் வழியா ஒரு பார்வை பார்த்தா. முகத்தத் திருப்பிக்கிட்டா.

செப். 28, ஞாயிறு

மேகம் இல்ல. ஆனா வானத்தப் பார்க்காம இருக்க முடியல. ஐப்பசி வந்திரும்.

இந்தக் கனம் எங்கேர்ந்துன்னு பார்க்க படகோட அடியில ஓட்டை போட்டேன். பழுப்புத் தண்ணி பீச்சி அடிச்சுது. மத்தியானம் வரைக்கும் ஒழுகுச்சு. தளத்தை அறுத்துத் திறந்தா உள்ள பூரா ஃபோம் பஞ்சு. படகுல தண்ணி நிறைஞ்சாலும் முங்காம மிதக்கட்டும்னு வச்சிருக்கான். அது வருசக்கணக்கா தண்ணி குடிச்சு, ஊறிப்போன மெத்தை மாதிரி கெடக்கு. மிதக்க வைக்க வேண்டியதே முக்கிரும் போல. நல்ல கதை.

நாத்தம் வேற. குளத்துச் சேறும் செத்த எலியும் சேர்ந்தாப்ல.

போன வெள்ளத்த நெனச்சுக்கிட்டே தோண்டினேன். ஆத்துத் தண்ணி கட்டில் சட்டத்தத் தொட்டப்போ, சுடலையும் நானும் பேச்சிய எங்க தெரு சமையல்காரர் வீட்டு பிரியாணி அண்டாவுல உட்கார வச்சு மிதக்க விட்டு, மாடி வீட்டுக்குக் கொண்டு போனோம். இடது கை கால் வராதவ, ஒரு பக்கமா சரிஞ்சு, முந்தானைய வாயில கடிச்சுக்கிட்டு. மாடியில நின்ன பயலுவ செல்போன்ல படம் எடுத்தானுவ. ஊர் பூரா சுத்துச்சு. அன்னைலேர்ந்து ஒரே பேச்சுதான்: “இனி வெள்ளம் வந்தா என்னைத் தொடாதிய. நான் கட்டில்லயே கெடந்து போயிருதேன்.” மழைக்கு முன்னாடியே பாளையங்கோட்டை தங்கச்சி வீட்டுக்குப் போவோம்னா, “அவ வீட்டுல பெட்பேன் கேட்டுக்கிட்டுக் கெடக்கவா?”

சொன்னா செய்யுதவ. அதான் பயம்.

செப். 29, திங்கள்

நாள் முழுக்க ஃபோம். ரம்பம், மண்வெட்டி, கொத்துக்கரண்டி. கடப்பாரை வேண்டாம், அடி பொத்துரும். மேல் பக்கம் கட்டி கட்டியா வருது. அடியில ஃபைபரோட ஒட்டிக்கிட்டு வரமாட்டேங்கு. தோசைக் கரண்டிதான் சரியா இருந்துச்சு.

உடம்பெல்லாம் அரிப்பு. ஃபைபர் தூசி கழுத்துக்குள்ள. குளிச்சேன், போகல. மறுபடி குளிச்சேன். எரிச்சல்ல சுடலைய வேற வாய்க்கு வந்தபடி வஞ்சுட்டேன். பாவம், பிழிஞ்ச ஃபோமச் சாக்குல கட்டிக்கிட்டிருந்தான்.

சாயங்காலம் உள்ள இருந்து சத்தம். “என் தோசைக் கரண்டி எங்க?”

படகு வந்ததுக்கு அப்புறம் அத ஒட்டி அவ பேசின மொத வார்த்தை. திட்டுதான். இருக்கட்டும்.

செப். 30, செவ்வாய்

முடிஞ்சுது. வழிச்சு எடுத்துட்டேன். அடியில போட்ட ஓட்டையையும் அடைச்சாச்சு. இப்ப நாலு பேர் தூக்கினா பூப்போல வருது. தெருவுல எல்லாருக்கும் சந்தோசம். “தளத்த மூடிரும்வே, அம்புட்டுதான்.”

எப்படி மூட? உள்ள ஒண்ணும் இல்லாத படகு ஒரு பக்கம் சரிஞ்சு தண்ணி ஏறினா நேரா அடிக்குத்தான் போகும். மத்தவன் நீந்துவான். இவ?

சுடலை சொன்னான்: மேடைக்குச் செஞ்ச தெர்மாகோல் அன்னம், தூண் எல்லாம் வீட்டுல கெடக்கு, அதப் போட்டு மேல ரெசின் பசைய ஊத்தி மூடுவோம். நல்ல யோசனையாத்தான் பட்டுச்சு. நாளைக்கு ஆயுத பூஜை. அதுக்குள்ள முடிச்சு வேனோட சேர்த்து இதுக்கும் பொட்டு வச்சிரணும்னு ஒரே துடிப்பு.

அக். 1, புதன்

விடிஞ்சதும் அன்னத்தையெல்லாம் ஒடிச்சு அடைச்சோம். மேல ஃபைபர் பாய் விரிச்சு, ரெசின ஊத்தி, தூத்தல் வந்துச்சேன்னு அவசரமா தார்ப்பாய் மூடினோம். ரம்பம், ஸ்பேனர், துளை மிஷின் எல்லாம் கழுவி சந்தனம் வச்சு சாமி முன்னாடி. பொரி, கடலை. படகு மூக்குக்கு ஒரு மாலை. சுடலை கும்பிட்டு நின்னான், அவனே செஞ்ச சிலை மாதிரி.

மூணு மணி வாக்குல தார்ப்பாயத் தூக்கினா, உள்ள பள்ளம். ரெசின் பட்டதும் தெர்மாகோல் கரைஞ்சு போச்சு. சர்க்கரைப் பாகு மாதிரி அடியில ஒரு பிசின். மேல பாய் தொங்குது. முழுசா இறுகுததுக்குள்ள சுரண்டி எடுக்கணும்.

எதால? தோசைக் கரண்டி இதுக்கு வளைஞ்சிரும். சாமான் பூரா பூஜையில. இன்னைக்குத் தொடக்கூடாது. நாளைக்கு மறுபூஜை முடிச்சுத்தான் எடுக்கணும். அப்பா காலத்துலேர்ந்து அப்படித்தான். வாசலுக்கும் பூஜை அறைக்கும் நடந்தேன்.

பேச்சி கூப்பிட்டா. “என்னத்துக்கு இந்த நட நடக்கிய?”

சொன்னேன்.

பூஜை அறைப் பக்கம் கண்ணை ஓட்டினா. அப்புறம், “சாமிகிட்ட நான் சொல்லிக்கிடுதேன். போய் எடுங்க.”

எடுத்தேன். சந்தனம் கையெல்லாம் ஒட்டுச்சு.

அக். 3, வெள்ளி

நேத்து பூரா சுரண்டல். இன்னைக்குப் பழைய இரும்புக் கடையில மூட்டை மூட்டையா, கலர் குடிச்சுப் போட்ட ரெண்டு லிட்டர் பிளாஸ்டிக் பாட்டில் வாங்கினேன். கழுவி, காய வச்சு, மூடிய இறுக்கி, பசை தடவி, நெருக்கி அடுக்கினோம். தண்ணி குடிக்காது, கரையாது. மேல பலகை, ஸ்க்ரூ. பாட்டில் உருளாம வலை.

பேச்சி மத்தியானம் கேட்டா: “ஒண்ணு ஓட்டையாயிட்டுன்னா?”

“மத்தது இருக்குல்லா.”

“ம்.”

வாங்க வேண்டியது: துடுப்புக்குக் கட்டை, நைலான் கயிறு, சொறிக்கு மருந்து.

அக். 4, சனி

மூட்டம். குளத்துல இடுப்பளவு தண்ணிதான், போதும். படகை விட்டு சுடலைய உட்கார வச்சேன். பெறவு நானும் இன்னொருத்தனும் வாளியால மோந்து மோந்து உள்ள ஊத்தினோம். விளிம்பு மட்டம் வரைக்கும் ரொம்பிட்டு. சுடலை நெஞ்சளவு தண்ணியில, தொட்டிக்குள்ள எருமை மாதிரி. படகு முங்கல. சரிச்சுப் பார்த்தோம், ஏறி மிதிச்சுப் பார்த்தோம். முங்கல.

கரையில உட்கார்ந்து அழுதுட்டேன். சுடலை பார்க்காத மாதிரி துடுப்பைத் தொடச்சுக்கிட்டிருந்தான்.

வீட்டுக்குக் கொண்டு வந்தோம். படகைக் கவுத்தாம சன்னலுக்கு நேரா போட்டோம். சுடலை சன்னல்ல எட்டிப் பார்த்து, “மதினி, நான் ரெண்டு ஆள் வெயிட்டு, எனக்கே முங்கல,”ன்னுட்டுப் போனான்.

பேச்சி ரொம்ப நேரம் படகையே பார்த்துக்கிட்டிருந்தா. நான் வேன் துடைக்க எந்திரிச்சேன்.

“உட்காருத பலகைக்குப் பக்கத்துல ஒண்ணுமே இல்லையே. நான் எதப் பிடிச்சுக்கிட்டு வர?”

கைப்பிடி வைக்க அளவெடுக்கணும்னு இஞ்ச் டேப் எடுத்துட்டு வந்தேன். வலது கைய நீட்டுன்னேன்.

நீட்டினா.