கடைசிக் கதிரை

இன்று பண்டத்தரிப்பில் பெரியவர்களுக்குக் கணினி வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தேன். பக்கத்துத் தோட்டத்தில் யாரோ இறைப்பு மிசினை இயக்கினார்கள். மண்ணெண்ணெய்ப் புகை யன்னலால் வந்தது. நான் பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். அந்தப் புகைக்குள், முந்தி என்னோடு வகுப்பு எடுத்த நீர் இருமிக்கொண்டு நிற்பதுபோல இருந்தது.

மின்சாரமே இல்லாத யுத்த ஆண்டுகளில் கொக்குவிலில் நாம் இருவரும் ஊராருக்குப் புரோகிராம் எழுதப் பழக்கப் போகிறோம் என்றதும் ஊர் சிரித்தது. இருந்த ஒரு கணினிக்கு மாதத்தில் ஒரு நாள்தான் ஜெனரேற்றர். மற்ற நாட்களில் மனிதர்களே கணினி. அது உம்முடைய யோசனை. வந்தவர்களைக் கதிரைகளில் வரிசையாக இருத்தி, ஆளுக்கொரு கட்டளையை மட்டையில் எழுதிக் கொடுப்பீர். ஓய்வுபெற்ற ஸ்ரேசன் மாஸ்ரர் தன் முறை வந்ததும் எழுந்து, "மூண்டாம் கதிரைக்குப் போங்கோ" என்று ரயிலை அனுப்புகிற மிடுக்கில் சொல்வார். மருத்துவிச்சி அம்மா கணக்கைக் கூட்டிச் சிலேற்றில் எழுதுவார். கடைசிக் கதிரையில் "நில்" என்ற மட்டையோடு நீர் இருப்பீர்.

"நிப்பாட்டத் தெரியாத ஆக்கள் புரோகிராம் எழுதக்கூடாது" என்பீர்.

எனக்குத் தனியாக இன்னொன்றும் சொல்வீர். "உம்மட அம்மாவையும் கூட்டிக்கொண்டு வெளிக்கிடும். இஞ்ச இனி இருக்கேலாது."

"வகுப்பு முடியட்டும்."

"அது முடியாது எண்டு தெரிஞ்சுதானே சொல்லுறீர்?"

ஓம், தெரிந்துதான் சொன்னேன். பிடிவாதத்தில் நான் யாருக்கும் குறைந்தவள் இல்லை.

கடைசியாக ஜெனரேற்றர் ஓடிய நாளில், எல்லாரும் போன பிறகும் நீர் எதையோ அடித்துக்கொண்டிருந்தீர். அதைப் பதிந்த பிளொப்பியை என்னிடம் தந்து, "அடுத்த முறை இதைப் போடுவம்" என்றீர். அடுத்த கிழமை சந்தையில் செல் விழுந்து வெடித்தது. உம்முடைய கண்ணாடிக் கூட்டை வைத்துத்தான் உம்மை அடையாளம் கண்டோம்.

வகுப்பை நான் விடவில்லை. உம்முடைய கதிரையில் யாரும் இருக்கவுமில்லை. மட்டைகள் ஓடி முடியும்போது எல்லாரும் அந்தக் கதிரையைப் பார்த்துக் கொஞ்ச நேரம் காத்திருப்பார்கள்.

மறுபடி ஜெனரேற்றர் வந்தது நல்ல மத்தியானத்தில். பிளொப்பியைப் போட்டேன். ஆங்கில எழுத்தில் தமிழாகத் திரை கேட்டது: "பெயர் என்ன?" மருத்துவிச்சி அம்மா அடித்தார். "வாங்கோ அம்மா, கண்ணாடியை மறந்திட்டீங்களோ?" அன்றைக்கும் மறந்துதான் வந்திருந்தார். எல்லாரும் சிரித்தோம். மாஸ்ரருக்கு, "இண்டைக்கும் பிந்திப்போச்சோ?" அவரும் பிந்தித்தான் வந்திருந்தார். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை. நான் என் பெயரை அடித்தேன்.

"நீர் இன்னும் போகேல்லையோ? வெளிக்கிடும்."

அந்த வரி நிற்கவில்லை. வெளிக்கிடும், வெளிக்கிடும் என்று திரை நிறைய ஏறிக்கொண்டே இருந்தது. நிறுத்தும் கட்டளையை நீர் எழுதவில்லை. மறக்கிற ஆளும் நீர் இல்லை.

"நிப்பாட்டு பிள்ளை" என்றார் மருத்துவிச்சி அம்மா. எந்த விசை என்று எனக்குத் தெரியும். கை போகவில்லை. எண்ணெய் தீர்ந்து ஜெனரேற்றர் இருமி நிற்கும்வரை பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அம்மாவோடு ஊரை விட்டுக் கிளாலியில் படகேறினேன். பிறகு மாஸ்ரர் கடிதம் எழுதினார். வகுப்பு நேரத்தில் அறையில் செல் விழுந்ததாம். நான் போய்விட்டதால் வகுப்பும் இல்லை, உள்ளே ஒருவரும் இல்லை. கதிரைகள் எல்லாம் சிதறிப் போயினவாம். உம்முடைய கதிரையில் மட்டும் ஒரு கீறலும் இல்லையாம்.

அந்தப் பிளொப்பி பூஞ்சணம் பிடித்து என் பெட்டிக்குள் கிடக்கிறது. போட்டுப் பார்க்க மிசினும் இல்லை. அன்றைக்கு உம்முடைய பெயரை அடித்துப் பார்க்காமல் விட்டேனே என்ற ஏக்கம் இன்னும் தீரவில்லை. அதனால்தான் பெயர் கேட்கிற முதல் பயிற்சியில் எப்போதும் உம்முடைய பெயரையே அடிக்கிறேன். இன்றும் அடித்தேன். திரை வெறும் வணக்கம் சொன்னது.

"உது ஆர், ரீச்சர்?" என்று முன்வரிசையில் இருந்த பெண் கேட்டார்.

"கடைசிக் கதிரை ஆள்" என்றேன்.

அவர் திரும்பி, கடைசியில் வெறுமையாகக் கிடந்த கதிரையைப் பார்த்தார். அதில் யாரையும் நான் இருக்க விடுவதில்லை.