ஒத்துக்கொள் என்று சொன்னவள்

நேற்று என் பட்டச் சான்றிதழ் தபாலில் வந்தது. மலைமேல் செம்மேடு பஸ் ஸ்டாண்டில் நான் நிற்பதைப் பார்த்துவிட்டு தபால்கார அக்கா அங்கேயே உறையை நீட்டினார். "வக்கீல் படிப்பு முடிஞ்சுதா கண்ணு?" என்றார். "ஆமாங்க" என்று சொல்லிவிட்டேன். மிளகு மூட்டையோடு பெஞ்சில் உட்கார்ந்திருந்த இரண்டு பேர் மரியாதையாக நகர்ந்து இடம் விட்டார்கள். நானும் உட்கார்ந்தேன்.

நீ செத்து எட்டு மாதம் ஆகிறது. இன்னும் அதே பொய்யைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் படித்தது வக்கீல் படிப்பு அல்ல. வெறும் பி.ஏ. குற்றவியலும் சட்டமும் முதன்மைப் பாடம். கூடவே தத்துவம், பொருளாதாரம், ஒரு பருவம் முழுக்க நாடகம். இந்தப் பட்டத்தை வைத்துக்கொண்டு எந்தக் கோர்ட்டிலும் கறுப்புக் கோட்டு போட முடியாது. அதற்கு இன்னும் மூன்று வருடம் தனியாகப் படிக்க வேண்டும். முதல் லீவுக்கு வந்தபோதே உன்னிடம் சொல்லியிருக்கலாம். "என்ன புள்ள படிக்கிறே?" என்று கேட்டாய். "குற்றம், சட்டம், அதெல்லாம்" என்றேன். "அப்ப வக்கீலு!" என்று நீயே தீர்ப்பு எழுதிவிட்டு, கூட்டமான பஸ்ஸில், "எங்கூரு வக்கீலு வாராங்க, தள்ளுங்க, தள்ளுங்க" என்று எனக்கு வழி பண்ணினாய்.

எனக்கு அது பிடித்திருந்தது. பெங்களூர்க் காலேஜில் நான் வாயைத் திறந்தாலே என் ஆங்கிலத்துக்குச் சிரித்தார்கள். உதவித்தொகையில் வந்தவள் என்று என் முதுகுக்குப் பின்னால் பேசிக்கொண்டார்கள். மலையேறி வந்தால் நான் வக்கீல். அதை நான் ஏன் திருத்தப் போகிறேன்?

நீ போலீஸ் ஆவது என்று நாம் பள்ளி ஹாஸ்டலில் ஒன்றாக இருந்தபோதே முடிவு செய்தவள். விடியற்காலையில் பனிக்குள் நீ ஓடுவாய். உன் கால் சத்தம் முதலில் வரும், பிறகுதான் ஆள் தெரியும். "நான் புடிச்சு உள்ள போடறேன், நீ வாதாடி வெளிய விடு. ரெண்டு பேருக்கும் வேலை இருக்கும்" என்பாய்.

அந்தச் சந்தை நாளில் நான் ஊரில் இல்லை. நீ சொல்லித்தான் தெரியும். கீழிருந்து வந்த வியாபாரி உன் அம்மாவின் மிளகை நிறுத்தான். எடை குறைகிறதென்று நீ பக்கத்துக் கடைப் படிக்கல்லை எடுத்து வந்து அவன் தராசில் வைத்தாய். "மலைக்காரிக்கு எடை தெரியுமாக்கும்" என்றான். "எடை தெரியாதுங்க, திருடனத் தெரியும்" என்றாய். சந்தையே சிரித்தது. அவன் உன் கையைப் பிடித்து முறுக்க, நீ தள்ள, தக்காளிக் கூடைமேல் போய் விழுந்தான். அவனுக்கு ஸ்டேஷனில் நாற்காலி போட்டார்கள். உன்மேல் வழக்கு எழுதினார்கள். அந்தத் தராசை யாரும் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

கோர்ட்டுக்கு முந்தின நாள் எனக்குப் போன் செய்தாய். வகுப்புக்கு ஐந்து நிமிடம் இருந்தது.

"ஒத்துக்கிட்டா அபராதத்தோட விட்டுருவாங்களாமா. இல்லீன்னா வாய்தா வாய்தான்னு கீழ அலையோணுமாமா. நீ சொல்லு புள்ள, என்ன பண்ணட்டும்?"

நான் யோசிப்பதற்குள் நீயே கேட்டாய்: "நம்மூர்ல பண்ற மாதிரித்தானே இதுவும்?"

நம் ஊரில் தப்பு செய்தவர் ஊர்க்கவுண்டர் முன்னால் ஒத்துக்கொண்டு தெண்டம் கட்டினால் அத்தோடு சரி. அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுக்கிறவருக்குத்தான் அடுத்த தெண்டம். மறப்பதும் தண்டனையில் சேர்த்தி. நீ அதை நினைத்துத்தான் கேட்டாய்.

"ஆமா, அதே மாதிரித்தான். ஒத்துக்கோ. சின்னக் கேஸு, முடிஞ்சுரும்" என்றேன்.

'எனக்குத் தெரியல, ஒரு வக்கீலைக் கேளு.' ஐந்தே சொல். கோர்ட்டில் இலவசமாகவே ஒரு வக்கீலைக் கேட்டு வாங்கலாம் என்பது என் முதல் வருடப் புத்தகத்தில் இருக்கிறது. அதைப் பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருந்தேன். சொன்னால் நான் வக்கீல் இல்லை என்று ஆகிவிடும். போனை வைத்துவிட்டு வகுப்புக்குள் போனேன். ஒரு மனுஷிக்குக் குற்றவாளி என்று ஒருமுறை பெயர் வைத்துவிட்டால் அந்தப் பெயர் அவளை எப்படித் துரத்தும் என்பதுதான் அன்றைய பாடம். பக்கம் பக்கமாகக் குறிப்பு எடுத்தேன்.

அடுத்த வருடம் போலீஸ் வேலைக்கான எழுத்துத் தேர்வில் பாஸானாய். ஓட்டத்தில் உன் குழுவிலேயே முதலாவதாக வந்தாய். வேலை கொடுக்கும் முன் உன்னைப் பற்றி நடந்த போலீஸ் விசாரணையில் அந்த வழக்கு வந்தது; நீயே ஒத்துக்கொண்டதாகக் கோர்ட்டு எழுதிவைத்ததும் வந்தது. தேர்வானவர்கள் பட்டியலில் உன் பெயர் இல்லை. எனக்குப் போன் செய்து ஒன்றே ஒன்று கேட்டாய்.

"முடிஞ்சுரும்னு சொன்னியே புள்ள?"

நான் அரை மணி நேரம் அரசாங்கத்தைத் திட்டினேன். போலீஸை, கோர்ட்டை, வியாபாரியை, மலைக்காரர்களை மனிதராகவே மதிக்காத எல்லாரையும். ஒன்றும் பொய்யில்லை. ஆனால் அந்த அரை மணியில் ஒரு தடவைகூட 'நான்' என்று சொல்லவில்லை. நீ "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "செரி, படிக்கிற நேரம், வெச்சிரட்டுமா?" என்றாய்.

இன்னும் கேள். அதை வைத்து நான் ஒரு கட்டுரை எழுதினேன். மலை வழக்கமும் நாட்டுச் சட்டமும் மோதும் இடம் பற்றி. உன் பெயரை மாற்றினேன். 'தவறான ஆலோசனையின் பேரில் அவர் குற்றத்தை ஒப்புக்கொண்டார்' என்று ஒரு வரி. யாருடைய ஆலோசனை என்று பேராசிரியர் கேட்கவில்லை. நானும் எழுதவில்லை. வகுப்பிலேயே அதிக மதிப்பெண் அதற்குத்தான். கை தட்டினார்கள்.

அப்போது நீ திருப்பூரில் ஒரு மில்லில் இருந்தாய். காய்ச்சலோடு நான்கு நாள் ஷிப்டு பார்த்தாய், லீவு கொடுக்கவில்லை. ஐந்தாம் நாள் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், ஏழாம் நாள் உன்னை மலைக்குக் கொண்டுவந்தார்கள். என் சொல்லுக்கும் உன் சாவுக்கும் சட்டப்படி தொடர்பு கிடையாது. இடையில் எத்தனையோ பேர் இருக்கிறார்கள். காரணத் தொடர்பு என்று அதற்கு ஒரு பாடமே உண்டு. அதையும் நன்றாகத்தான் படித்தேன்.

இன்று காலையில் உன் வீட்டுக்குப் போனேன். உன் அம்மா வாசலில் மரவள்ளிக் குச்சிக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்தேன். சுற்றி வளைத்தால் சொல்லாமலே எழுந்துவிடுவேன் என்று தெரியும்.

"அத்தை, நான் வக்கீல் இல்லைங்க. எப்பவுமே இல்லை. ஒத்துக்கச் சொன்னது நான்தான். தெரியாமச் சொன்னேன்."

அவர் கத்தியை நிறுத்தவில்லை. ஒரு கிழங்கை முழுசாக உரித்து முடித்தார்.

"தெரியும் சாமி."

"என்ன தெரியுங்க?"

"வக்கீல் இல்லைன்னு. மில்லுல கூட இருந்த பொண்ணு ஒண்ணு, நீ படிக்கறது வேற படிப்புன்னு அவகிட்டச் சொல்லியிருக்குது. பொங்கலுக்கு வந்தப்ப எங்கிட்டச் சொன்னா. 'வெளிய சொல்லிராத அம்மா, அவளுக்குக் கூச்சமாப் போயிரும்'னா."

அந்தப் பொங்கலுக்கு நானும் வந்திருந்தேன். செம்மேட்டில் அத்தனை பேர் நடுவில் நீ என்னைப் பார்த்துக் கையைத் தூக்கி, "ஏனுங்க வக்கீலம்மா!" என்று கூப்பிட்டாய். நான் சிரித்துக்கொண்டே வந்தேன். தெரிந்துதான் கூப்பிட்டிருக்கிறாய்.

அம்மா சோறு போட்டார். நான் சாப்பிட்டேன்.

என்னை நீ திட்டியிருக்க வேண்டும் புள்ள. அந்த வியாபாரியைக் கேட்ட மாதிரி, சந்தை நடுவில், எல்லாருக்கும் கேட்கும்படி என்னையும் கேட்டிருக்க வேண்டும். உன் வேலை போனது, நீ போனாய். என் மானத்தை மட்டும் பத்திரமாக வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். அது இப்போது என்னிடம்தான் இருக்கிறது. யாரிடம் திருப்பிக் கொடுப்பது என்றுதான் தெரியவில்லை.