நிப்லாவின் காரில் நாலு நிமிடம்

ஜூலை 1, செவ்வாய்

குச்சவெளிக்குத் தனியாகப் போய் வந்தேன். தனியாகப் போவது இது மூன்றாவது செவ்வாய். சீலாக்காவுக்கு முழங்கால் நோவு, வீட்டில் படுத்திருக்கிறாராம். அவர் இல்லாமல் கருவாடு வாங்குவது எனக்குக் கண்ணைக் கட்டிக்கொண்டு வாங்குவது போல. விலை பேசுவது நான். ஒரு துண்டை முறித்து, மணந்து பார்த்து, உப்பு சரியா, வெயில் போதுமா என்று சொல்வது அவர். இருபத்திரண்டு வருடமாக இப்படித்தான்.

கரையில் மீன் காயப்போடும் வாடிக்குப் போனால் நல்ல கட்டாக் கருவாடு எல்லாம் போய்விட்டது. மிச்சத்தை வாடிக்கார மெல்ரோய் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தான்.

"காலமையே வந்து பொறுக்கிக்கொண்டு போயிட்டினமே அம்மா."

"ஆர்?"

"உங்கட சீலாக்காதான். நிப்லாட கார்ல வந்தவ. தெரியாதோ?"

"ஓம், ஓம். நான்தான் அனுப்பினனான்" என்றேன்.

திருகோணமலை வந்து சேரும் வரை அந்தப் பொய்யையே மென்றுகொண்டு வந்தேன்.

ஜூலை 2

நிப்லாவைப் பற்றி நியாயமாக எழுத வேண்டும். புருஷன் நிப்றாஸ் கட்டாருக்குப் போன அந்த வருடத்தில் ஒன்றும் தெரியாமல் என் கடைக்கு வந்தாள். என்னை ராத்தா என்று கூப்பிட்டாள். சொந்த அக்காவைக்கூட அப்படிக் கூப்பிட்டிருக்கமாட்டாள். தராசு பிடிக்க, ஆசையை முகத்தில் காட்டாமல் விலை கேட்க, எல்லாம் நான் பழக்கினேன். நாலு வருடம். பிறகு துறைமுக வீதியில், எங்கள் கடை வரிசையிலேயே, நாலு கதவு தள்ளித் தனிக்கடை போட்டாள். அதற்கு நான் முகம் சுளிக்கவில்லை. நானும் பஸ்ஸில் கூடை சுமந்து தொடங்கியவள்தான். கடை போடுகிறவர்களை எனக்குப் பிடிக்கும்.

வாடிக்கையாளர் போனால் திரும்பி வருவார்கள். சீலாக்கா வாடிக்கையாளர் இல்லையே. கூலியாளும் இல்லை. அப்படியென்றால் அவர் எனக்கு யார்? இதை ஏன் நான் இதுவரை யோசிக்கவில்லை?

ஜூலை 4

எனக்குப் பொறாமை இல்லை.

ஜூலை 5

இருக்கிறது.

ஜூலை 8, செவ்வாய்

செய்யக்கூடாத ஒன்றைச் செய்தேன். செய்ததைச் செய்தபடியே எழுதுகிறேன்.

எங்கள் கடைகளுக்குப் பின்னால் ஒரே வளவு, ஒரே கேற். ஒன்பது வண்டி நிற்கும். முன்னால் நிற்பவன் எடுத்தால்தான் பின்னால் நிற்பவன் போகலாம். இதில் இரண்டு பேர் அடித்துக்கொண்ட பிறகு வர்த்தகர் சங்கத்தில் நான்தான் ஒரு ஒழுங்கு கொண்டுவந்தேன்: யாரும் கதவு பூட்டக்கூடாது, கியரில் விடக்கூடாது. வழி வேண்டியவர் ஏறி, பிரேக்கை இறக்கி, தள்ளிவிட்டுப் போகலாம். இரண்டு வருடமாகச் சண்டை இல்லை.

இன்று ஒரு மணிக்கு நிப்லாவின் கார் சுவரைப் பார்த்தபடி நின்றது. குச்சவெளியிலிருந்து வந்து, கடைக்குள் சாமான் பிரித்துக்கொண்டிருந்தார்கள். சீலாக்காவின் சிரிப்பு எனக்குக் கேட்டது. வளவில் ஒருவரும் இல்லை. யாருக்கும் வழி வேண்டியிருக்கவில்லை. நான் இடப்பக்கக் கதவைத் திறந்து உள்ளே குந்தினேன்.

சீலாக்கா குந்தும் அந்த ஆசனத்தைப் பின்னுக்கு எவ்வளவு தள்ள முடியுமோ அவ்வளவு தள்ளியிருந்தாள். கீழே, கால் வைக்க ஒரு சின்னத் தலையணை. உறை கூடப் போட்டு. பூப்போட்ட உறை.

என் லொறியில் அந்த மனுசி இருபத்திரண்டு வருடம் முழங்காலை மடக்கிக்கொண்டு வந்தது. நான் ஒரு சாக்குக்கூட விரிச்சுக் குடுத்தனானா? இல்லையே! இவளுக்கு இது எப்பிடித் தோணினது? எனக்கு ஏன் தோணல்ல?

கீழே இருந்த கம்பியை இழுத்து ஆசனத்தை முன்னுக்குக் கொண்டுவந்தேன். முட்டும் வரைக்கும். இறங்கிக் கதவைச் சாத்திவிட்டு வந்தேன். நாலு நிமிடம் இருக்கும்.

ஜூலை 9

சீலாக்கா நேற்றுப் பின்னேரம் வீடு போக, பழக்கத்தில் பார்க்காமலே காருக்குள் சாய்ந்து குந்தியிருக்கிறார். காலை உள்ளே இழுக்கும்போது முழங்கால் போய் இடித்திருக்கிறது. வீங்கி, ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்டிருக்கிறதாம்.

எரிச்சல் மூட்டத்தான் நினைத்தேன். இது நினைக்கவில்லை. அல்லாஹ்வுக்குத் தெரியும்.

ஜூலை 10

காருக்குள் யாரோ ஏறியிருக்கிறார்கள் என்று நிப்லா பொலிசில் முறைப்பாடு கொடுத்திருக்கிறாள். என் சொந்த அக்காவின் மகன் றிப்தி சட்டத்தரணி. அவனுக்குப் போன் எடுத்தேன்.

"பூட்டாத கார் ஒண்டுக்குள்ள கேக்காம ஏறினா குற்றமா மகன்?"

"ஆர் ஏறின, சாச்சி?"

"தெரிஞ்ச ஒரு ஆள்."

"அப்ப நீங்கதான்."

சிரிப்பு வரவில்லை. அவனும் பிறகு சிரிக்கவில்லை. பூட்டியிருந்ததா இல்லையா என்பது பெரிய கேள்வியே இல்லையாம். "கதவு திறந்து கிடக்குதெண்டு அடுத்த வீட்டுக் குசினிக்குள்ள போய்ச் சோறு போடுவீங்களா? ஏறினது மட்டும் போதாது. என்ன எண்ணத்தில ஏறின எண்டு பாப்பாங்க. குற்றம் செய்ய, வெருட்ட, அவமதிக்க, எரிச்சல்படுத்த... இதில ஒண்டு இருந்தா அத்துமீறல்."

"எரிச்சல்படுத்தவுமா?"

"ஓம்."

"எங்கட வளவில ஆரும் ஏறலாம் எண்டு ஒழுங்கு இருக்குதே."

"வண்டிய நகத்த ஏறலாம். குந்தியிருக்கவும் சம்மதமா, சாச்சி?"

அந்த ஒழுங்கை எழுதியது நான். அதில் எந்தச் சொல் இருக்கிறது, எது இல்லை என்று எனக்கல்லவா தெரியும்.

ஜூலை 12

பக்கத்துக் கடைப் பாயிஸ் நான் காரை விட்டு இறங்கியதைக் கண்டிருக்கிறான். இன்று கல்லாப்பெட்டி அருகே வந்து குரலைத் தாழ்த்தினான்.

"என்ட லொறிக்கு வழி விடத்தான் நீங்க ஏறின எண்டு நான் சொல்றன் ராத்தா. முடிஞ்சுது கதை."

நல்ல பொய். ஓட்டை இல்லாத பொய். யோசிக்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 15, செவ்வாய்

குச்சவெளி போகவில்லை. நிப்லாவும் போகவில்லை. பத்து மணிக்கு என் கடைக்கு வந்து, கதிரையை இழுத்துப் போட்டு, போனை மேசையில் வைத்தாள். அவள் காரின் முன்கண்ணாடியில் ஒரு சின்னக் கமரா இருக்கிறதாம். கார் அசைந்தால் தானாக வேலை செய்யுமாம். படத்தில் வளவுச் சுவர் மட்டும்தான். ஆனால் சத்தம் இருந்தது. கம்பி இழுபடும் சத்தம். பிறகு என் குரல்:

"இப்ப ஏறு பாப்பம், ராசாத்தி."

இதை நான் சொன்னதே எனக்கு நினைவில்லை. எண்ணம் என்ன என்று றிப்தி கேட்டானே, நானே வாயால் சொல்லி வைத்திருக்கிறேன்.

"இத இன்னும் ஆருக்கும் போட்டுக் காட்டல்ல ராத்தா. சீலாக்காவுக்கும் தெரியாது" என்றாள். "முறைப்பாட்டையும் திருப்பி எடுக்கிறன். செவ்வாய்க்கிழமைய எனக்கு விட்டிருங்க. இனி அவவக் கூப்பிடாதீங்க."

முகத்தில் ஆசையைக் காட்டாமல் கேட்டாள். நான் பழக்கியது.

"அவதான் உன்னோட வாறாவே. பிறகென்ன புள்ள உனக்கு?"

அப்போதுதான் அவள் முகம் உடைந்தது. "வாறா! போற வழியெல்லாம் 'சுஹைரா இத வாங்கமாட்டாள், சுஹைரா எண்டா இப்பிடித்தான் கேப்பாள்'. காரும் என்ட, பெற்றோலும் என்ட, கதை மட்டும் உங்கட! எனக்கு எரியாதா?"

உண்மையைச் சொல்கிறேன், முதலில் வந்தது சந்தோஷம். வெட்கம் பிறகுதான் வந்தது.

நாளைக்குப் பதில் சொல்கிறேன் என்றேன். ஒருவரிடம் மட்டும் இருக்கும் சரக்குக்குத்தான் விலை. அந்த உண்மையை நானே முந்திக்கொண்டு சந்தியில் கொட்டிவிட்டால் அவளிடம் விற்க என்ன இருக்கிறது? இப்படிக் கணக்குப் போட்டுத்தான் சீலாக்காவிடம் சொல்வதென்று முடிவெடுத்தேன். பெருந்தன்மையில் இல்லை.

ஜூலை 16

சீலாக்காவின் வீட்டுக்கு, அன்புவழிபுரம் போனேன். சீலாக்கா காலைக் கதிரை மேல் நீட்டிக்கொண்டிருந்தார். முழங்கால் பனங்காய் அளவு. வழியில் யோசித்து வைத்த வசனம் எல்லாம் போய்விட்டது. "நான்தான் ஆசனத்த முன்னுக்கு இழுத்த" என்று வாசலில் நின்றபடியே சொன்னேன்.

அவர் முழங்காலைத் தடவினார்.

"ஏன் வீட்டில படுத்திருக்கிறன் எண்டு எனக்குச் சொன்னீங்க?" என்று கேட்டேன். கேட்கும் உரிமை இல்லை. ஆனாலும் வாய் நிற்கவில்லை.

"நோவு பொய்யில்லை. உன்ர லொறிப் படி எவ்வளவு உயரம் எண்டு தெரியுமோ உனக்கு? ஏற ஏலாமல் கிடக்குது எண்டு ரெண்டு தரம் சொன்னனான். 'ஏலாட்டி வீட்டில இருங்க' எண்டனீ."

சொன்னேனா? சொல்லியிருப்பேன். காலையில் சாமான் ஏற்றும்போது என் வாய் அப்படித்தான்.

"அதுக்கு அவளோட போறத மறைக்கிறதா?"

"நீ இப்பிடி எரிவாய் எண்டு தெரிஞ்சுதானே மறைச்சனான்!"

பிறகு சொன்னார்: "பொலிசுக்குப் போ. எனக்குச் சொன்ன மாதிரியே அங்கயும் சொல்லு."

"என்னை மன்னிச்சிட்டீங்களா?"

"முதல்ல வீக்கம் வத்தட்டும்."

ஜூலை 18

பொலிஸ். நிப்லாவுக்கு இதுதான் என் பதில். வாக்குமூலம் எழுதிய பெண் உத்தியோகத்தர் நல்ல தமிழ் பேசினார். வழி விட ஏறினேன் என்று நானே சொல்வேன் என எதிர்பார்த்துப் பேனையை ஓட்டிக்கொண்டு போனார். நிறுத்தச் சொன்னேன்.

"அப்ப என்ன எண்ணத்தில ஏறினீங்கள் அம்மா?"

"எரிச்சல்படுத்த."

"அப்பிடியே எழுதவோ?"

"எழுதுங்க. ஆரை எண்டுதான் சரியாச் சொல்ல ஏலாம இருக்கு."

கையெழுத்து வைத்தேன். வழக்கில்லாமல் பேசித் தீர்க்க மத்தியஸ்த சபைக்கு அனுப்புவார்களாம்.

ஜூலை 21

இனி வண்டிகளைப் பூட்டுவது என்று சங்கம் தீர்மானித்தது. எதிர்த்து ஒருவரும் பேசவில்லை. நானும்.

ஜூலை 26, சனி

மத்தியஸ்த சபை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர். "பூட்டாத காருக்குள்ள குந்தினதுக்கா இவ்வளவு தூரம் வந்தனீங்கள்?" என்று ஒருவர் கேட்டார். "குந்தினதுக்கில்ல சேர்" என்று நிப்லாவும் நானும் ஒரே நேரத்தில் சொன்னோம். சொன்ன பிறகு ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

எழுத்தில் மன்னிப்புக் கொடுத்தேன். நிப்லா ஏற்றுக்கொண்டாள். "உங்களுக்கு ஏதும் வேணுமோ?" என்று சீலாக்காவிடம் கேட்டார்கள். "ஒண்டும் வேண்டாம்" என்று ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். என்னைத் தாண்டி வாசலுக்குப் போனார்.

ஜூலை 29, செவ்வாய்

நிப்லாவின் கார் ஆறு மணிக்கே போய்விட்டது. முன் ஆசனத்தில் சீலாக்கா. நான் மத்தியானம் போய், மிஞ்சியதை வாங்கினேன். மெல்ரோய் இம்முறை ஒன்றும் கேட்கவில்லை.

ஓகஸ்ட் 8, வெள்ளி

ஜும்ஆத் தொழுகை நேரம் என்று கடையைப் பூட்டி வீட்டுக்கு வந்து, முகம் கழுவிக்கொண்டிருந்தேன். கதவைத் தட்டும் சத்தம். சீலாக்கா. தெருவில் நிப்லாவின் கார் திரும்பிக்கொண்டிருந்தது. இறக்கிவிட்டுவிட்டுக் கடைப்பக்கம் போய் வருகிறாளாம்.

இருபத்திரண்டு வருடத்தில் இந்த வீட்டுக்குள் அவர் வந்தது மூன்று தரமோ நாலு தரமோ. வந்ததெல்லாம் சாக்கு எண்ணவும் லொறி பிந்தினால் காத்திருக்கவும்தான். இன்று வெள்ளி. வாங்க ஒன்றுமில்லை, பார்க்க ஒன்றுமில்லை. எதற்கு வந்தீர்கள் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

மருமகளைப் பற்றிக் குறை சொன்னார். வைத்தியர் தந்த எண்ணெய் மணக்கிறது என்றார். முழங்காலை மடக்கிக் காட்டினார், பாதிதான் மடங்குகிறது. நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தேன்.

பாதி குடித்திருப்பார், வெளியே நிப்லாவின் கார் ஹோர்ன் அடித்தது. ஒரு தரம். கொஞ்சம் பொறுத்து இன்னொரு தரம், நீளமாக.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் கோப்பையை ஊதினார்.

"நிக்கட்டும்" என்றார். "தேத்தண்ணி சுடுது."

இரண்டாவது கோப்பையை இன்னும் சூடாகக் கொடுத்தேன்.