என் பண்ணையின் சேற்றில் கண்டெடுக்கப்பட்ட மச்சானின் மீன்

அனுப்புநர்
உரிமையாளர்,
கூண்டு மீன் பண்ணை, அனுமதி எண் 12.

பெறுநர்
துணை இயக்குநர்,
கடல்வளக் கண்காணிப்பு அலுவலகம்.

பொருள்: கடலடிச் சேற்றின் டி.என்.ஏ. ஆய்வில் நேர்ந்த கலப்பு – கூண்டுகளை அகற்றும் ஆணையை நிறுத்திவைத்து மறு ஆய்வு கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சேறு அள்ளும் இரும்புக் கவ்வி, 11ஆம் எண் பண்ணையில் அள்ளிய பின், என் பண்ணையில் இறக்குமுன் வெறும் கடல்நீரில்தான் அலசப்பட்டது. இதைத் தங்கள் அலுவலகப் படகோட்டி நேற்று முன்தினம் ஆய்வக உதவியாளர் முன்னிலையில் ஒப்புக்கொண்டார். அலச வேண்டிய ப்ளீச்சிங் கரைசல், தாங்கள் பார்வையிட வருவதை முன்னிட்டுப் படகைத் தேய்க்கத் தீர்ந்துவிட்டதாம். படகு பளிச்சென்றிருப்பதாக அன்று நானும் பாராட்டினேன், அதை மறைக்கவில்லை.

2. அசுத்தச் சேற்றில் பெருகும் ஒரு புழுவின் டி.என்.ஏ. என் கூண்டுகளுக்கு அடியில் இருப்பதாக அறிக்கையின் நான்காம் பக்கம் சொல்கிறது. அதன் பேரில்தான் 14ஆம் தேதிக்குள் கூண்டுகளை அகற்றச் சொல்லியிருக்கிறீர்கள். அதே பக்கத்தில் மூன்று வரி தள்ளி, கடல்விரால் மீனின் டி.என்.ஏ.வும் இருப்பதாக உள்ளது. நான் வளர்ப்பது கொடுவா மட்டுமே. இந்த வளைகுடாவில் கடல்விரால் வளர்ப்பவர் ஒருவர்தான்: 11ஆம் எண் பண்ணைக்காரர், என் மனைவியின் அண்ணன்.

3. நீரோட்டம் அடித்து வந்திருக்கும் என்றும் சொல்ல வழியில்லை. தங்கள் அலுவலக வரைபடப்படி, ஆண்டு முழுவதும் நீரோட்டம் என் பண்ணையிலிருந்து அவர் பண்ணைக்குத்தான் போகிறது.

4. இதை மச்சானிடம் பணிவாகவே எடுத்துச் சொன்னேன். இறங்குதளத்தில் பத்துப் பேர் பார்க்க அவர், "பொண்ணு குடுத்தது போதாதா மாப்ள, புழுவும் நாங்கதான் குடுக்கணுமா?" என்றார். அவருக்கும் இதே ஆணைதான். ஆனால் அவர் மீன் பிடித்து முடித்துவிட்டார், கூண்டு காலி. என் கூண்டுகளில் நாலாயிரம் கொடுவா இருக்கின்றன, ஒன்றுகூட அரைக் கிலோவைத் தொடவில்லை. இப்போது கூண்டை இழுத்தால் பாதி செத்துவிடும்.

5. வீட்டு நிலைமையையும் குறிப்பிட வேண்டியுள்ளது. "புழு யாரோடதுன்னு கவர்மெண்ட் சொல்ற வரைக்கும் ரெண்டு பேரும் என்கிட்ட பேசாதீங்க" என்று என் மனைவி அறிவித்து இன்றுடன் ஆறு நாள். உப்பு வேண்டுமென்றால் சுவரைப் பார்த்துக் கேட்கிறேன்.

6. மறு மாதிரியை முதலில் என் பண்ணையில் எடுக்கக் கோரலாம் என்றிருந்தேன். "உன் சேத்த அள்ளுன கவ்வி என் எல்லைக்குள்ள வரக்கூடாது" என மச்சான் தடுக்கிறார். இந்த ஒரு விஷயத்தில் அவர் சொல்வது அறிவியல்படி சரியே. எனவே பண்ணைக்கொரு கவ்வி ஒதுக்க வேண்டுகிறேன்.

7. படகு 9ஆம் தேதிதான் கிடைக்கும். முடிவு வரப் பத்து நாள் ஆகும் என்கிறது ஆய்வகம். அதாவது 19ஆம் தேதி. ஆணையை அந்த ஐந்து நாள் மட்டும் நிறுத்திவைக்கக் கோருகிறேன். புழு என்னுடையதுதான் என்று வந்தால், மறுநாளே கூண்டுகளை நானே அவிழ்த்துவிட்டு, மச்சானிடம் மன்னிப்பும் கேட்கிறேன். இவற்றில் இரண்டாவது மிகக் கடினம் என்பதால், ஆய்வு பிழையின்றி நடக்கத் தாங்களே படகில் உடனிருக்க வேண்டுகிறேன்.

இடம்: மீன் இறங்குதளம்
நாள்: மார்ச் 3

இப்படிக்கு,
(ஒப்பம்)
12ஆம் எண் பண்ணைக்காரர்